சகேயு திருப்பிக் கொடுத்தான்

மீட்பு ஆண்டவருக்கும் தனி ஆத்துமாவுக்கும் இடையில் நடந்து முடிகிற காரியம். நீதி, நியாயம், நஷ்டஈடு எல்லாம் உலகத்தார் பேச்சு. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களிடம் இன்று ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் நிலைத்திருக்கும் கருத்து இது. லெந்து காலக் கூட்டங்களிலும் கன்வென்ஷன் பந்தல்களிலும் இதைக் கேட்கலாம். சேகரக் கமிட்டியில் யாராவது பழைய அநியாயம் ஒன்றை எழுப்பினால் கடைசியில் வந்து நிற்கும் பதிலும் இதுதான். இது தவறு, வேதத்துக்கே விரோதமானது. அதைக் காட்டவே எழுதுகிறேன்.

அந்தத் தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிட வேண்டும். மனிதன் தன் நற்கிரியைகளால் கடவுள் முன் நீதிமானாக முடியாது. ரோமருக்கும் எபேசியருக்கும் பவுல் எழுதியவற்றின் மையமே அதுதான். சிலுவையில் தொங்கிய கள்ளன் திருடியதில் ஒரு காசைக்கூடத் திருப்பித் தரவில்லை. அன்றைக்கே பரதீசு அவனுக்கு வாக்களிக்கப்பட்டது. ஆகவே மனந்திரும்புதலோடு நஷ்டஈட்டைச் சேர்த்துப் பேசுவது கிருபைக்கு விலை வைப்பதாகும். மேலும், முன்னோர் செய்ததற்கு இன்றிருப்பவர் எப்படிப் பொறுப்பாவார்? இந்தச் சபை கட்டிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் போதாதா? பழையதைக் கிளறினால் சபை உடையாதா? இப்படிக் கேட்பவர்களில் பலர் உண்மையாக ஜெபிக்கிறவர்கள், பிறருக்கு இரங்குகிறவர்கள். அவர்கள் தொடங்கும் இடம் சரி. கிருபை இலவசம்தான். அங்கிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவுகளில் ஒன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

1. கிருபை இலவசம் என்பதால், பறித்தது எனக்குச் சொந்தமாகிவிடுமா?

கடவுளுக்கு நான் பட்ட கடனைக் கடவுள் தள்ளுபடி செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரனின் வயலை நான் வளைத்துப் போட்டிருந்தால், அந்த வயல் மன்னிப்பின் வழியாக என் பெயருக்குப் பட்டா மாறுவதில்லை. இந்த எளிய வேறுபாட்டை மறந்ததிலிருந்துதான் மற்ற எல்லாப் பிழைகளும் வருகின்றன.

வேதம் இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில், அயலானை ஏமாற்றியவன் முழுத் தொகையையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனிடம் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கடா பலி அதற்குப் பின்னர்தான் பேசப்படுகிறது. மலைப்பிரசங்கத்தில் இயேசு இன்னும் ஒருபடி மேலே போகிறார். உன்மேல் சகோதரனுக்குக் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொல்கிறார். யோர்தான் கரையில் யோவான்ஸ்நானனிடம் மூன்று கூட்டத்தார் வந்து என்ன செய்வது என்று கேட்டார்கள். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடு, வரி வசூலிப்பவன் கூடுதலாகப் பிடுங்காதே, சேவகன் மிரட்டிப் பறிக்காதே என்று அவன் பதில் சொன்னான். துணி, பணம், அதிகாரம். உள்ளத்து உருக்கத்தைப் பற்றி அந்த மூன்று பதில்களிலும் ஒரு சொல் இல்லை.

சகேயுவின் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அத்திமரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரியவர்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அவன் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார். அவன் இரட்சிப்பை விலைக்கு வாங்கவில்லை. இயேசு அவன் வீட்டுக்கு வர முன்வந்ததே கிருபை. அந்தக் கிருபை வந்து சேர்ந்த வீட்டில் பிறர் பணம் தங்க முடியவில்லை.

அந்தக் கள்ளனுக்கு வருவோம். அவன் கையில் எதுவும் மிஞ்சவில்லை. கைகளே ஆணியில் இருந்தன. அந்த நிலையிலும் அவன் செய்த காரியம் ஒன்று உண்டு. தனக்குக் கிடைத்த தண்டனை நியாயமானது என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். பாதிக்கப்பட்டவன் தரப்பு நியாயத்தை ஒப்புக்கொண்ட பிறகே இயேசுவிடம் தன்னை நினைக்கும்படி வேண்டினான். இன்று அவனை மேற்கோள் காட்டுகிறவர்களுக்குக் கைகள் அவிழ்ந்திருக்கின்றன. நிலம் இருக்கிறது, பதவி இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, பெரும்பாலும் இன்னும் பல ஆண்டு ஆயுளும் இருக்கிறது.

விசுவாசம் மட்டும் என்ற முழக்கத்துக்கு லூத்தரைத் துணைக்கு அழைப்பவர்கள், 1517இல் அவர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதல் மூன்றையாவது படிக்க வேண்டும். விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று தொடங்கும் அவர், வெளியே செயலாகாத உள்மனந்திரும்புதலை ஒன்றுமில்லாததாகவே எண்ணுகிறார். கத்தோலிக்க மரபிலோ பாவசங்கீர்த்தனத்தில் பரிகாரம் தவிர்க்க முடியாத பகுதி. திருடியதைத் திருப்பித் தர மனமில்லாதவன் பாவமன்னிப்புக்கு ஆயத்தமாகவில்லை என்பதே பழைய போதனை. சீர்திருத்தத் திருச்சபை, ரோமச் சபை இரண்டில் எதன் பெயராலும் நமது வழக்கத்தை நியாயப்படுத்த முடியாது.

2. மனம் மாறினால் போதும் என்று இந்தச் சபை எல்லோரிடமும் சொன்னதா?

சொல்லவில்லை. பாளையங்கோட்டைச் சபையின் வரலாறே ஒரு மறுப்போடுதான் தொடங்குகிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தபோது ஞானஸ்நானம் கேட்டார். திருமணம் இல்லாத அந்த உறவு தொடரும்வரை முடியாது என்று மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல், குளோரிந்தா என்ற பெயரில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் உள்ள 40 பெயர்களில் முதல் பெயர் அவருடையது. 1785இல் அவர் எழுப்பிய ஆலயத்தை மக்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் விசுவாசத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் விசுவாச அறிக்கை மட்டும் போதாது, வாழ்க்கை மாற வேண்டும் என்று அவரிடம் கேட்கப்பட்டது. ஒரு விதவையின் வீட்டுக்குள் வரை நுழைந்து கனிகளைத் தேடிய அதே கண்டிப்பு, சாதியின் வாசலுக்கு வந்ததும் ஏன் பொறுமையாக மாறியது?

வடக்கன்குளத்துக்குப் போவோம். 1745 மே 14 அன்று நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் தேவசகாயம் என்று ஞானஸ்நானம் பெற்றது அந்த ஊரில்தான். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மனிதரின் ஞானஸ்நானத் தொட்டி இருந்த ஊரில், 127 ஆண்டுகள் கழித்து, 1872இல் ஒரு புதிய ஆலயம் எழுந்தது. கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரு நீண்ட கூடங்கள் பீடத்தில் வந்து சேரும். ஒரு பக்கத்தில் வேளாளர், மறு பக்கத்தில் நாடார். பீடத்தில் நிற்கும் குருவானவருக்கு இருவரையும் தெரியும். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. பூசை ஒன்று, அப்பம் ஒன்று, பாவமன்னிப்பு ஒன்று. நடுவில் சுவர்.

அந்த ஆலயத்தில் ஒவ்வொரு வாரமும் பாவங்கள் அறிக்கையிடப்பட்டன. பல ஆண்டுகளாக மக்கள் அழுதார்கள், முழங்கால்படியிட்டார்கள், நற்கருணை வாங்கினார்கள். சுவர் அப்படியே நின்றது. மீட்பு ஆத்துமாவின் காரியம் மட்டுமே என்ற கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சோதனைக்களம் வேறில்லை, அந்தச் சோதனையில் அது தோற்றுவிட்டது. 1910இல் சுவர் விழுந்தது கௌசானல் அடிகளார் அதை இடித்ததால்தான். இடித்தபின் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரிந்து உட்காரும் உரிமையைத் திரும்பக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறித் தோற்றது. காலனி ஆட்சியின் நீதிமன்றம் ஏற்க மறுத்த ஒன்றை, திருச்சபை கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிக் கொடுத்திருந்தது.

3. “நான் கட்டாத சுவருக்கு நான் ஏன் மனந்திரும்ப வேண்டும்?”

இந்தக் கேள்விதான் அதிகம் கேட்கப்படுகிறது. நியாயமாகவும் ஒலிக்கிறது. ஆனால் கேட்பவர்களின் நடைமுறையே இதை மறுக்கிறது. மிஷனரி ரேனியஸ் 1834இல் தொடங்கிய தோத்திரப் பண்டிகையை ஒவ்வொரு ஜூலையிலும் பாளையங்கோட்டையில் கொண்டாடுகிறோம். குளோரிந்தாவின் ஆலயத்தை நம் பெருமை என்கிறோம். வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியாவை நம்மவர் என்கிறோம். பள்ளி, கல்லூரி, தோப்பு, கட்டடம் என முன்னோர் விட்டுப்போன சொத்தையெல்லாம் சபைச் சொத்தாக அனுபவிக்கிறோம். அந்தப் பெருமைகளில் எதையும் நாம் சம்பாதிக்கவில்லை. முன்னோரின் புண்ணியம் வாரிசுரிமையாக வருமென்றால், அவர்கள் வைத்துப்போன கடனும் அதே பத்திரத்தில்தான் வரும்.

நெகேமியாவைப் படியுங்கள். சூசான் அரண்மனையில் பானபாத்திரக்காரனாக இருந்த அவன், தான் எருசலேமில் செய்யாத பாவத்துக்காக, நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவம் செய்தோம் என்று அறிக்கையிடுகிறான். அதோடு நிறுத்தவில்லை. 5ஆம் அதிகாரத்தில், வறியவர்களின் வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறான். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்தவர்களே என்று சொல்லித் தன்னிடமிருந்து தொடங்குகிறான். ஆசாரியர்களை வரவழைத்து ஆணையிடச் செய்கிறான். முதல் அதிகாரத்தின் கண்ணீருக்கு ஐந்தாம் அதிகாரத்தில் கணக்கு முடிகிறது.

பழைய ஏற்பாடு தூரம் என்று தோன்றினால், நமக்கு மிக அருகில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. முதலூர், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி என்று நாம் பெருமையோடு சொல்லும் ஊர்களில் ஊழியம் செய்தது எஸ்.பி.ஜி. என்ற சுவிசேஷம் பரப்பும் சங்கத்தின் மிஷன். அந்தச் சங்கத்துக்கு 1710இல், கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்பவரின் உயில் வழியாக, பார்படோஸ் தீவில் இரண்டு கரும்புத் தோட்டங்கள் கிடைத்தன. அவற்றில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளும் சேர்ந்தே கிடைத்தார்கள். சங்கத்தின் உடைமை என்று காட்ட அவர்களின் மார்பில் சூடு போடப்பட்டது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தபோது, பிரிட்டிஷ் அரசு நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு ஒரு பென்னியும் இல்லை, உடைமையாளர்களுக்குத்தான். சுவிசேஷம் பரப்பும் சங்கமும் 8,000 பவுண்டுக்கு மேல் பெற்றுக்கொண்டது.

அதன் வாரிசு அமைப்பு 2023இல் என்ன செய்தது? நாங்கள் அந்தத் தோட்டத்தை நடத்தவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் சட்டப்படி கேட்டிருக்க முடியாது. ஆனால் அதே காட்ரிங்டன் நிலத்தில், அந்த அடிமைகளின் சந்ததியாருக்காகச் சுமார் 70 லட்சம் பவுண்டு மதிப்புள்ள ஈடுசெய்யும் திட்டத்தை அது அறிவித்தது. தொகை போதுமா, முறை சரியா என்று விவாதிக்கலாம். இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை 2006லேயே வாயால் மன்னிப்புக் கேட்டுவிட்டது. அதற்குமேலும் செய்ய வேண்டியது இருக்கிறது என்று 17 ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொள்ளப்பட்டதே என் வாதத்துக்குப் போதும். நம்மை வளர்த்த மிஷனே, செய்தவர்கள் எல்லோரும் செத்துப்போன ஒரு பாவத்துக்கு மனந்திரும்ப முடியும் என்று காட்டிவிட்டது. தாமிரபரணிக் கரையில் மட்டும் இது ஏன் முடியாததாகிறது?

4. பள்ளி கட்டினோம் என்பது பதிலாகுமா?

மிஷனரி கால்டுவெல்லை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நன்மை செய்தவர்களில் அவரைவிடப் பெரியவரைக் காட்டுவது கடினம். 1841இல் இடையன்குடிக்கு வந்தார். 1847இல் அடிக்கல் நாட்டிய ஆலயத்தை 33 ஆண்டுகள் உழைத்து 1880இல் முடித்தார். 1856இல் வந்த அவருடைய ஒப்பிலக்கணம் தமிழின் தலைநிமிர்வுக்கே காரணமானது. அதே மனிதர் 1849இல், தம் சபை மக்களில் பெரும்பாலோரான நாடார் சமூகத்தைத் தாழ்த்தி ஒரு நூல் எழுதினார். அதற்கு எதிர்ப்பு வெளியாரிடமிருந்து வரவில்லை. படித்த கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. உபதேசியாராக இருந்து விலக்கப்பட்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857இல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை என்ற தனிச் சபையையே நிறுவினார். பல பத்தாண்டுகள் அந்த நூலுக்கு மறுப்புகள் எழுதப்பட்டன.

இடையன்குடியின் பள்ளிகளில் அந்த மக்களின் பிள்ளைகள் படித்தார்கள். அந்த நன்மைக்கு அவர்கள் நன்றி காட்டினார்கள். ஆனாலும் பட்ட அவமதிப்பு அப்படியே இருந்தது. எந்த ஆலயக் கோபுரத்தின் உயரமும் அதைச் சரிசெய்யவில்லை. செய்தவன் தான் விரும்பிய நன்மையைச் செய்துவிட்டு, பட்டவன் கேட்கும் நியாயத்தைத் தள்ளிவைப்பது சேவையாக இருக்கலாம், மனந்திரும்புதல் ஆகாது. சகேயு எரிகோவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவதாகச் சொல்லவில்லை. யாரிடம் பறித்தானோ அவர்களுக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

நாடார் சமூகத்தின் அந்தக் காயத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். அன்று வேளாளரிடமும் வெள்ளைக்காரரிடமும் நாம் கேட்ட நியாயத்தை இன்று நம் சபைகளில் தலித் கிறிஸ்தவர்கள் நம்மிடம் கேட்கும்போது, நமது பதில் அன்றைய அவர்களுடைய பதிலிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது?

5. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி, பிரசங்கபீடத்தில் வேறொரு சாட்சியா?

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியே. இது பெரும் அநீதி. அதை எதிர்த்துத் திருச்சபைகள் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு தினமாக அனுசரிப்பது சரி. ஆனால் அங்கே நாம் சொல்லும் வாதம் என்ன? மதம் மாறியும் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதுதான். சென்னையில் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை தொடுத்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவச் சமூகத்துக்கு உள்ளேயும் அந்த ஒடுக்குமுறை அதே கடுமையோடு தொடர்வதைக் காட்ட வேண்டும் என்றது.

ஆக, நாம் வெல்ல வேண்டுமானால் நமக்கு எதிராக நாமே சாட்சி சொல்ல வேண்டும். டெல்லியில் அதைச் சொல்கிறோம். ஊருக்குத் திரும்பியதும் சபைக்குள் சாதி இல்லை, சாதியைப் பேசுகிறவன்தான் பிரிவினைக்காரன் என்கிறோம். இரண்டில் ஒன்று பொய். முதலாவது உண்மையென்றால், அது வெறும் கோரிக்கை மனு ஆகாது, பாவ அறிக்கை. அதற்குரிய மனந்திரும்புதல் அரசாங்கத்தின் வேலையில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு உண்டு என்று ஒப்புக்கொண்டது. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது சாதிப் பின்னொட்டு நீக்கப்பட்டது. இவை தொடக்கங்கள். ஏட்டிலும் பெயரிலும் நடந்தது ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடந்ததா என்பதுதான் என் கேள்வி.

6. ஒற்றுமை கெடும் என்பவர்களுக்கு.

எந்த ஒற்றுமை? அசனப் பந்தியில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று காட்டுகிறார்கள். அசனம் அருமையான வழக்கம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், தம் விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்தே உண்ண வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற மண் இது. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் ஒரே இலைவரிசை என்பது, மற்ற நாட்களில் பெண் கொடுப்பதிலும் வேலை கொடுப்பதிலும் பிணம் புதைப்பதிலும் நடப்பதற்கு ஈடாகாது. கொரிந்துச் சபையில் சிலர் பசியோடிருக்கச் சிலர் நிறைந்து உண்டதைக் கேட்ட பவுல், நீங்கள் உண்பது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று எழுதினார். ஒற்றுமைக்காக அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

இந்த ஒற்றுமைப் பேச்சின் மிகக் கொடிய விளைவு, அதன் செலவு முழுவதும் பாதிக்கப்பட்டவர் தலையில் விழுவதுதான். தவறு செய்தவர் சபை முன் ஒரு சாட்சி சொல்லிக் கண் கலங்கினால் போதும். பாதிக்கப்பட்டவரிடம் நீயும் கிறிஸ்தவன்தானே, மன்னித்துவிடு என்கிறார்கள். மன்னிக்கத் தயங்கினால் அவரே பாவியாகிவிடுகிறார். நிறுவனங்களில் சிறுபிள்ளைகளுக்கு எதிரான குற்றங்கள்கூடச் சபைக்குள் முடித்துக்கொள்வோம் என்ற ஆலோசனையோடு அமுக்கப்படுவதற்குப் பின்னால் இருப்பது இந்த இறையியல்தான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், தெரிந்தும் புகார் தராமல் இருப்பதையே குற்றமாக்குகிறது. ஒரு பிள்ளையின் கண்ணீருக்குச் செவிகொடுக்க நாட்டின் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கிறது என்றால், நாம் பிரசங்கித்துவந்த மன்னிப்பு யாருக்குச் சாதகமாக இருந்தது? மன்னிக்கும் உரிமை பட்டவருக்கு உரியது. குற்றவாளி அதைக் கேட்கலாம்; சபை அதைக் கட்டளையிட முடியாது.

நான் கேட்பது என்ன என்று கடைசியில் கேட்பார்கள். பொது ஆராதனையின் பாவ அறிக்கையில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்கள் எந்த ஊரில் இருந்தாலும், அடுத்த அடக்கம் பொது இடத்தில் நடக்க வேண்டும். ஒவ்வொரு திருமண்டலமும் மறைமாவட்டமும் தன் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கடந்த 50 ஆண்டுகளில் யார் யார் நியமிக்கப்பட்டார்கள், அதற்குப் பணம் கைமாறியதா என்பதை வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்து சபையாருக்கு முன் வைக்க வேண்டும். விலக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்த இடங்களில் பங்கு ஒதுக்க வேண்டும். பங்கின் அளவைத் தீர்மானிக்கும் மேசையில் அவர்களே பெரும்பான்மையாக உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான புகார்கள் கமிட்டிக்குப் போகாமல் நேரே காவல்துறைக்குப் போக வேண்டும். இவற்றில் எதற்கும் புது இறையியல் தேவையில்லை. சேகரக் கமிட்டியின் ஒரு தீர்மானமும் அதை நிறைவேற்றும் தேதியும் போதும்.